அசலும் நகலும்: என்பீல்டு துப்பாக்கியின் வரலாறு

சியால்தா நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் புகைவண்டியில் டம்டம், பாரக்பூர், இச்சாப்பூர் என்னும் மூன்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பிழைப்பின் பொருட்டு வங்க நாட்டிற்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தார்க்கு இப்பெயர்கள் புதியவை அல்ல. விமான நிலையம் என்றால் டம்டம். கங்கைக் கரை என்றால் பாரக்பூர். படைக்கலத் தொழிற்சாலை என்றால் இச்சாப்பூர். ஆயினும் இம்மூன்று ஊர்களையும் ஒரு துப்பாக்கியின் பெயர் ஒரே சரட்டில் கோத்திருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அத்துப்பாக்கியின் பெயர் என்பீல்டு.

1857-ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிப் படிக்காத பள்ளிப் பிள்ளை இல்லை. கொழுப்புத் தடவிய தோட்டாவே அதற்கு உடனடிக் காரணம் என்று பாடப் புத்தகம் கூறுகிறது. பிள்ளைகளும் அவ்வாறே தேர்வில் எழுதுகின்றனர். ஆனால் அந்தத் தோட்டா எப்படி இருந்தது, அதில் எந்தப் பக்கத்தைப் பல்லால் கடித்தனர், எந்தப் பக்கத்தில் கொழுப்பு இருந்தது என்று கேட்டால் பெற்றோராகிய நமக்கே விடை தெரிவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை காண இன்று ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழம்போர்த் துப்பாக்கிகளை அச்சு மாறாமல் புதிதாகச் செய்து விற்கின்றனர். அவற்றை வாங்கிக் கழற்றிப் பூட்டி, செப்பனிட்டுச் சுட்டுப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவ்வாறு அதிகமாக நகல் எடுக்கப்படும் துப்பாக்கிகளுள் என்பீல்டும் ஒன்று. அதன் அசலையும் நகலையும் பற்றிச் சில செய்திகளை இம்மலரில் நாம் காண்போம்.

முதலில் அசல். அக்காலத்தில் இலண்டன் மாநகருக்கு வடக்கே இருந்த சிற்றூர் என்பீல்டு. அங்கே பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. 1853-இல் அங்கீகரிக்கப்பட்ட மாதிரியாதலின் அத்துப்பாக்கிக்கு '1853 மாதிரி என்பீல்டு' என்று பெயராயிற்று. நம் ஊர்ப்பக்கம் நரிக்குறவர் கையில் நாம் கண்டிருக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் போல இதுவும் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகையே. குழலின் வாயில் மருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை இறக்கி, நீண்ட இரும்புக் கோலால் இடித்து, பின்புறத்துக் குமிழில் செம்புக் கேப்பை மாட்டி, சுத்தியலை இழுத்துவிட்டுச் சுட வேண்டும்.

அப்படியானால் புதுமை எங்கே? குழலின் உள்ளே. அதற்கு முன் சிப்பாய்களின் கையில் இருந்த துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. அதன் உருண்டைக் குண்டு 100 கெஜத்திற்கு அப்பால் எங்கே போய் விழும் என்று சொல்ல இயலாது. என்பீல்டின் 39 அங்குல நீளக் குழலுக்குள்ளே மூன்று வரிப்பள்ளங்கள் திருகுபோல் சுற்றிச் செல்லும். மினியே என்ற பிரெஞ்சு அதிகாரி 1849-இல் உருவாக்கிய முறையைத் தழுவி, முனை நீண்டு அடிப்புறம் குழிந்த ஈயக் குண்டு இதற்கென வார்க்கப்பட்டது. மருந்து வெடித்தவுடன் குண்டின் அடி விரிந்து அப்பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். பம்பரம்போல் சுழன்றுகொண்டே வெளிப்படும். ஆதலால் குறி தவறாமல் நெடுந்தூரம் பாயும். குறிபார்க்கும் ஏணியில் 900 கெஜம் வரை அளவு பொறித்திருந்தனர். குழல்வாயின் குறுக்களவு .577 அங்குலம், துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 9 இராத்தல்.

இத்துப்பாக்கியைச் செய்த முறையும் குறிப்பிடத் தக்கது. தொடக்கத்தில் பர்மிங்காம், இலண்டன் நகரக் கம்மியர்கள் உறுப்புக்களைத் தனித்தனியே கையால் அரத்தால் அராவிப் பொருத்தினர். ஒரு துப்பாக்கியின் திருகு மற்றொன்றுக்குப் பொருந்தாது. பின்னர் பிரிட்டிஷ் அரசு அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களையும், ஹார்ப்பர்ஸ் பெர்ரி படைக்கலச் சாலையில் பயின்ற ஜேம்ஸ் பர்ட்டன் என்ற பொறியாளரையும் தருவித்தது. 1857, 1858-ஆம் ஆண்டுகளில் என்பீல்டில் இயந்திர உற்பத்தி முறையாக நடைபெறலாயிற்று. ஒன்றைப்போலவே மற்றொன்று, எந்த உறுப்பும் எதற்கும் பொருந்தும். ஒருவகையில் பார்த்தால், முதல் துப்பாக்கிக்குப் பின் அங்கே செய்யப்பட்டவை அனைத்தும் நகல்களே அல்லவா?

இனித் தோட்டாவுக்கு வருவோம். அக்காலத் தோட்டா பித்தளைக் கூடு உடையதன்று, காகிதச் சுருள். ஒரு முனையில் மருந்து. மறு முனையில் குண்டு. குண்டு இருக்கும் முனையில் மட்டும் காகிதத்தின் வெளிப்புறம் கொழுப்பில் தோய்க்கப்பட்டிருக்கும். அக்கொழுப்பு இல்லையேல் கரிபடிந்த குழலுக்குள் அடுத்த குண்டு இறங்காது. சிப்பாய் மருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். மருந்தைக் குழலுக்குள் கொட்டுவான். பின் தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, கொழுப்புப் பூசிய முனையைக் குழல்வாயில் செருகி, எஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிந்து, கோலால் இடிப்பான்.

பல்லில் படுவது ஒரு முனை. கொழுப்பு இருப்பது மறு முனை! நகல் துப்பாக்கி வைத்திருப்போர் பழைய செய்முறைக் குறிப்புக்களைக் கொண்டு இத்தோட்டாவைத் தாமே சுருட்டிச் செய்து பார்க்கும்போது முதலில் வியப்பது இதைக் கண்டுதான். அப்படியாயின் சிப்பாய்களின் அச்சம் வெறும் மயக்கமோ என்ற ஐயம் எழும். சற்றுப் பொறுத்தால் அந்த ஐயத்தையும் அதே தோட்டா தீர்த்து வைக்கிறது. விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சு வெயிலில் இளகும். காகிதத்தில் ஊறி ஏறும். தோட்டாவைப் பிடிக்கும் விரல்களில் ஒட்டும். பையில் அடுக்கி வைத்தால் பக்கத்துத் தோட்டாவிலும் படியும். இங்கிலாந்தின் குளிரில் எழுதிய விதி வங்காளத்துச் சித்திரை வெயிலில் நிற்குமா? மேலும், வாயில் படுவது மட்டுமே தீட்டு என்று எண்ணியவர் அல்லர் அச்சிப்பாய்கள். கையால் தொடுவதே அவர்க்குப் போதிய இழுக்காக இருந்தது.

இத்தகைய ஆபத்தை ஆங்கிலேயருள் எவரும் உணரவில்லை என்றும் சொல்ல முடியாது. கொழுப்புத் தோட்டாக்கள் நம் நாட்டுத் தட்பவெப்பத்தைத் தாங்குமா என்று பார்ப்பதற்காக 1853-இலேயே இங்கு அனுப்பப்பட்டன. அப்போது வங்காளப் படையின் உயர் அதிகாரியாக இருந்த கர்னல் டக்கர் என்பவர், அக்கொழுப்பு சாதிக்கும் சமயத்திற்கும் மாறானதன்று என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்கலாகாது என்று எழுத்தால் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை கோப்புக்குள் உறங்கிற்று.

1857 சனவரியில் டம்டமில் தோட்டாச் சாலைத் தொழிலாளி ஒருவன் பிராமணச் சிப்பாய் ஒருவனிடம் குடிக்க நீர் கேட்டான். சாதி காரணமாகச் சிப்பாய் மறுத்தான். பசு, பன்றிக் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போகிறாயே, அப்போது உன் சாதி எங்கே போகும் என்று அவன் ஏளனம் செய்தான். பேச்சு படைவீடுகள் தோறும் பரவிற்று. அதே மாத இறுதிக்குள், சிப்பாய்கள் தமக்கு ஒத்த எண்ணெயையும் மெழுகையும் தாமே பூசிக்கொள்ளலாம் என்று அரசு ஆணையிட்டது. பல்லால் கடிக்க வேண்டா, விரலால் கிழித்தால் போதும் என்றும் பின்னர் விதி மாற்றினர். பயன் என்ன? பிப்ரவரி 26-ஆம் நாள் பெர்ஹாம்பூரில் 19-ஆம் படைப்பிரிவினர் கொழுப்பே இல்லாத பழைய வகைத் தோட்டாவையும் காகிதத்தின் நிறத்தைக் கண்டு ஐயுற்று மறுத்தனர். மார்ச்சு 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார். ஏப்ரல் 8-இல் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24-இல் மீரட்டில் 90 குதிரைவீரருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவையும் பழைய வகைத் தோட்டாக்களே. மே 9-இல் அவர்கள் காலில் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் புரட்சி வெடித்தது.

இந்நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். சிப்பாய்களுள் பெரும்பாலோர் கைக்குப் புதிய தோட்டா போய்ச் சேரவே இல்லை. ஆயினும் நம்பிக்கை போய்விட்டது. பூச்சை மாற்றியாயிற்று, கடிக்கும் விதியை மாற்றியாயிற்று. இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறும் ஆணையை மட்டும் எந்த அதிகாரியாலும் பிறப்பிக்க இயலவில்லை. தமிழராகிய நமக்கு இது புதிய பாடமன்று. 51 ஆண்டுகளுக்கு முன்பே, 1806 சூலை 10-ஆம் நாள், வேலூர்க் கோட்டையில் தலைப்பாகையையும் நெற்றிக்குறியையும் முன்னிட்டு நம் நாட்டுச் சிப்பாய்கள் எழுந்தபோதே கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

புரட்சி அடங்கிய பின் நடந்ததைத்தான் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. நம் கட்டுரையின் மையமும் அதுவே. என்பீல்டின் ஆற்றலைப் போரில் கண்டுகொண்ட ஆட்சியாளர், அதனை மீண்டும் இந்தியச் சிப்பாயின் கையில் கொடுக்க அஞ்சினர். வேறு உருவில் ஒன்றைக் கொடுத்தாலோ இழிவு வெளிப்படையாகத் தெரியும். ஆகவே 1858-இல் ஒரு புதிய மாதிரியைச் செய்தனர். அதே கட்டை, அதே விசைப்பொறி, அதே பித்தளைப் பூண்கள். குழலை மட்டும் .577 அங்குலத்திலிருந்து .656 அங்குலமாகக் குடைந்து, வரிப்பள்ளங்களை அடியோடு நீக்கிவிட்டனர். ஏணிபோன்ற குறிபார்ப்பானுக்குப் பதில் அசையாத சிறு குறி ஒன்று வைக்கப்பட்டது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது என்பீல்டு; சுடுபவனுக்கோ பாட்டன் காலத்து வழவழப்புக் குழல். குடைந்ததனால் குழலின் சுவர் மெலிந்து பழுதுபடவே, மறு ஆண்டிலேயே தடித்த குழலுடைய வேறொரு மாதிரி செய்ய வேண்டியதாயிற்று.

என்பீல்டின் நகல்களுள் இந்தியச் சிப்பாய்க்கென்று அரசே செய்த நகல் இது. அதன் புறம் சொன்னது ஒன்று. அகம் சொன்னது மற்றொன்று. ஆங்கிலப் படைவீரனைவிட ஒரு படி குறைந்த கருவியே இந்தியனுக்கு என்னும் கொள்கை பல்லாண்டுகள் தொடர்ந்தது. 1866-இல் ஆங்கிலேயர் பின்வழியாகக் கெட்டிக்கும் ஸ்னைடருக்கு மாறினர். அதன் பின்னரே வரியிட்ட என்பீல்டு நம்மவர்க்குப் பரவலாகக் கிடைத்தது. 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியர்க்கோ விலக்கு அளித்தது. இச்சாப்பூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைபிள் தொழிற்சாலை ஏற்பட்டபோது, அங்கே செய்யப்பட்ட லீ என்பீல்டு ரைபிளிலும் பழைய ஊரின் பெயர் தொடர்ந்தது.

நிற்க. இன்றைய நகல்கள் எப்படித் தோன்றின? அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடவரும் தென்னவரும் சேர்ந்து ஏறத்தாழ 9 இலட்சம் என்பீல்டுகளை வாங்கினர். அப்போரை நினைந்து, பழைய துப்பாக்கிகளைக் கொண்டு குறிபார்த்துச் சுடும் போட்டிகளை அமெரிக்கர் 1950-இல் தொடங்கினர். 1961 முதல் 1965 வரை போரின் நூற்றாண்டு விழா வந்தது, ஆர்வம் பெருகிற்று. அசல்களோ தேய்ந்தன, விலை ஏறின. அப்போது வடஇத்தாலியில் பிரெஷ்யாவுக்கு அருகேயுள்ள கார்தோனே என்னும் பள்ளத்தாக்கு ஊர் கைகொடுத்தது. பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக் கம்மியர் வாழ்ந்துவரும் அவ்வூரில், 1950-களின் பிற்பகுதியிலேயே பழைய கோல்ட் கைத்துப்பாக்கியின் நகலைச் செய்யலாயினர். நாளடைவில் உபெர்த்தி, பெதெர்சோலி முதலிய நிறுவனங்கள் புகழ்பெற்றன. 1970-களில் பர்மிங்காம் நகரின் பார்க்கர்-ஹேல் நிறுவனத்தார், அரசின் மாதிரிக் காப்பகத்தில் இருந்த மூலத் துப்பாக்கியையும் அளவுகருவிகளையும் ஆதாரமாகக் கொண்டு என்பீல்டையே மறுபடி செய்தனர். குழலின் வாயை நோக்கி வரிப்பள்ளத்தின் ஆழம் படிப்படியாகக் குறையும் நுட்பத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை.

இந்நகலை வாங்கியவர் அதோடு அமைவதில்லை. கடையிலிருந்து வந்த துப்பாக்கி நூறு கெஜத்துக்குக் கிட்டே உள்ள இலக்கில் மேலே சுடும். ஆகவே முன்குறியைச் சற்று உயரமாக மாற்றுவர். விசையை இழுக்க வன்மை மிகுதியாக வேண்டியிருந்தால் பொறியைக் கழற்றி, ஒன்றோடொன்று உராயும் முகங்களை எண்ணெய்க் கல்லில் மெருகிடுவர். குழலின் குறுக்களவை நுட்பமாக அளந்து, அதைவிட மயிரிழை குறைந்த குண்டை வார்ப்பர். சிறிது பெரிதானால் இறங்காது, சிறிது குறைந்தால் பள்ளத்தைக் கவ்வாது. அக்ரூட்டுக் கட்டையின் பளபளப்பான வார்னிஷைச் சுரண்டிவிட்டு, பழைய முறைப்படி ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை தேய்த்து ஊறவைப்பர். சுட்ட அன்றே வெந்நீரால் குழலைக் கழுவுவர். கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்து ஓரிரவிலேயே துருவை உண்டாக்கிவிடும். அக்கருமருந்தின் உயிர்நாடியான வெடியுப்புக்கு ஒரு காலத்தில் நம் பீகார் நாடே உலகச் சந்தையாக இருந்தது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

இவ்வேலைகளிடையே ஒன்றில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. குழலில் இத்தாலிய முத்திரையும் இந்நாளைய எழுத்தும் இருப்பதைச் சிலர் பொறுப்பதில்லை. அவற்றை அராவி நீக்கிவிட்டு, பழைய ஆண்டையும் முடியின் சின்னத்தையும் பொறித்துக்கொள்கின்றனர். விழாக்களில் பழைய உடை உடுத்தி நிற்பவர்க்கு அது ஓர் அலங்காரம். ஆனால் வைத்திருப்பவர் மறைந்து, துப்பாக்கி இரண்டு மூன்று கை மாறிய பின் என்ன ஆகும்? நகல் அசலாகிவிடும். வாங்குபவர் ஏமாறுவார்; ஆராய்பவர் தவறான அளவை எழுதுவார்; வரலாறு ஓர் இழை பழுதுபடும். ஆகவே தோற்றத்தை எவ்வளவு மாற்றினாலும், கட்டையால் மறையும் உட்புறத்திலேனும் செய்தவர் பெயரையும் ஆண்டையும் விட்டுவைப்பதே நேர்மை என்று நாம் கருதுகிறோம்.

நகல் எடுப்பதையே நாம் இழிவாகக் கூறவில்லை. 2003-இல் காத்மாண்டுவின் பழைய அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து பல்லாயிரம் துப்பாக்கிகளை அமெரிக்க வணிகர் விலைக்கு வாங்கினர். ஆங்கிலேயர் கொடுத்தவற்றோடு, நேபாளக் கம்மியர் அவற்றைப் பார்த்துக் கையால் செய்த நகல்களும் அங்கே இருந்தன; தேவநாகரி எழுத்தைத் துணிவோடு பொறித்திருந்தனர். நாங்கள் பார்த்துச் செய்தோம், ஆனால் செய்தவர் நாங்களே என்று அவ்வெழுத்து சொல்கிறது. இன்று நம் நாட்டிலும் அயல்நாட்டுச் சந்தைக்காகப் பழந்துப்பாக்கி நகல்கள் செய்யப்படுகின்றன. பல, தீத்துளை இடப்படாமலே கப்பலேறுகின்றன. நம் சென்னையைப் பாருங்கள்! என்பீல்டுத் தொழிற்சாலைக்கு உறுப்புக்கள் செய்து கொடுத்ததனால் அப்பெயரைப் பூண்ட ஆங்கில நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளை, 1955 முதல் சென்னையில் பூட்டவும் பின்னர் முழுவதுமாகச் செய்யவும் தொடங்கினர். 1970-இல் இங்கிலாந்தில் அதன் உற்பத்தி நின்றது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. மூலம் மறைந்தபின் நகலே மூலமாயிற்று. அதில் மறைவு ஏதும் இல்லையாதலின் இழுக்கும் இல்லை.

நம் நாட்டில் சுடத்தக்க எந்தத் துப்பாக்கியையும், அது வாய்வழியாகக் கெட்டிப்பதே ஆயினும், உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தெளிவாக விதிக்கிறது. அமெரிக்காவிலோ 1968-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமே இத்தகைய வாய்வழி நகல்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே இப்பொழுதுபோக்கை நம் காலனிப் பிள்ளைகளுக்கு நாம் பரிந்துரைக்கவில்லை. பரிந்துரைப்பது அதன் பின்னுள்ள மனப்பான்மையை. ஒரு பொருளைப் பற்றிப் படித்ததோடு நில்லாமல், அது எப்படிச் செய்யப்பட்டது, எப்படிக் கையாளப்பட்டது, யாருக்கு எது மறுக்கப்பட்டது என்று உள்ளே நோக்கிக் கேட்கும் பழக்கம் அது. காகிதத்தையும் மெழுகையும் கொண்டு ஒரு போலித் தோட்டாவைச் சுருட்டிப் பார்க்க மருந்தும் வேண்டா, உரிமமும் வேண்டா. எந்த முனையில் எது என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும்.

அடுத்த முறை எந்த அருங்காட்சியகத்திலேனும் கண்ணாடிக்குள் அக்காலத்து நீண்ட துப்பாக்கி ஒன்றைக் கண்டால், பிள்ளைகளை அதன் பித்தளையை மட்டும் பார்க்கவிடாதீர்கள். குழலின் வாய்க்குள்ளே வரிப்பள்ளம் இருக்கிறதா என்று குனிந்து நோக்கச் சொல்லுங்கள். இருந்தால் அது ஒரு கருவி. இல்லையேல், அது நம் பாட்டனார் தலைமுறையின் கையில், நம்பிக்கையில்லாதவர் நம்புவதுபோல் நடித்துக் கொடுத்த பொருளாக இருக்கலாம்.